மேல்மூச்சு கீழ்மூச்சு

செங்கல்பட்டைத் தாண்டி ரயில் வேகமெடுத்திருந்தது. பெட்டியில் எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். எனக்கு எதிரே ஜன்னலோரம் இருந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். திடீரென்று துப்பட்டாவைத் தளர்த்தினாள், நெஞ்சில் கை வைத்தாள், வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தாள். முதலில் மாடி ஏறி வந்தவர் வாங்குவது போல இருந்தது. இரண்டு நிமிஷத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு. "காத்து பத்தல, காத்தே இல்ல" என்றாள். ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது. அடித்த காற்றில் அவள் முடி கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

பிறகு நடந்தது எந்தப் பெட்டியிலும் நடக்கக்கூடியதுதான். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இன்னொருவர் முகத்தில் தெளித்தே விட்டார். "நல்லா இழுத்து மூச்சு விடும்மா, நல்லா இழு" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவளும் சொன்னபடி இழுத்தாள். இழுக்க இழுக்க மோசமானது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு என்றாள். வாயைச் சுற்றி ஊசி குத்துகிறது என்றாள். கடைசியில் இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கின. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பி நீண்டன, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போனது. அவளாலேயே அவற்றை விரிக்க முடியவில்லை.

"ஐயோ, வலிப்பு! யாராவது சாவி குடுங்க" என்றது ஒரு குரல். ஒரு இளைஞர் பிஸ்கட் வாங்கி வந்த பிளாஸ்டிக் கவரை உதறி, "இதுக்குள்ள மூச்சு விடச் சொல்லுங்க. சினிமால பாத்திருக்கேன்" என்றார்.

அந்தக் கவர் அவள் முகத்துக்குப் போயிருக்கும். சைடு லோயரில் படுத்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, "தம்பி, அதைக் கீழ போடுங்க" என்று சொன்னதால் போகவில்லை. கோவில்பட்டிப் பக்கம், கிராமச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. அவர் செய்ததைச் சொல்வதற்கு முன், அந்தப் பெண்ணின் இரத்தத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். காற்று போதவில்லை என்று கதறியவளுக்குள் காற்றோட்டம் அளவுக்கு மீறிப்போயிருந்தது. இதை நம்பக் கொஞ்சம் வேதியியல் வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். ஒரு தடவைக்குச் சுமார் அரை லிட்டர் காற்று. அந்த நிதானத்திலேயே இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏறக்குறைய முழுவதும் ஆக்சிஜனால் நிரம்பிவிடுகிறது. விரலில் மாட்டும் கருவி 97, 98 என்று காட்டுவது இதைத்தான். இன்னும் வேகமாக, இன்னும் ஆழமாக மூச்சு வாங்கினால் என்ன ஆகும்? நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றின கதைதான். ஆக்சிஜன் கணக்கில் லாபம் அநேகமாக ஒன்றுமில்லை.

நஷ்டம் வேறு கணக்கில் விழுகிறது. வெளியே போகும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு போகிறது. பள்ளிக்கூடப் பாடத்தில் அதைக் 'கழிவு வாயு' என்று படித்துவிட்டோம். அந்தச் சொல்லை மாற்றினால் தேவலை. உடம்பு அதை முழுதாகத் துரத்துவதில்லை. இரத்தத்தில் அதன் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டியே இருக்கும்படி மிகக் கவனமாக வைத்துக்கொள்கிறது. இரத்தத்தின் அமிலத் தன்மை, மூளையின் இரத்தக் குழாய்களின் அகலம், அடுத்த மூச்சு எப்போது என்ற முடிவு எல்லாமே இந்தக் 'கழிவின்' அளவைப் பார்த்துத்தான் நடக்கின்றன.

இதை ஜான் ஸ்காட் ஹால்டேன் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். சுரங்கத்துக்குள் விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் குருவிகளைக் கொண்டுபோகச் சொன்ன அதே ஸ்காட்லாந்துக்காரர்தான். 1890களில் காற்றுப் புகாத பெட்டிக்குள் உட்கார்ந்து, தான் விட்ட மூச்சையே மறுபடி மறுபடி சுவாசித்தார். கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற மூச்சு இரைத்தது. அந்த வாயுவை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தபோது, ஆக்சிஜன் குறைந்துகொண்டே போனாலும் அந்த இரைப்பு வரவில்லை. பிறகு 1905-இல் ஜே. ஜி. பிரீஸ்ட்லியுடன் சேர்ந்து, சாதாரண நேரத்தில் மூச்சை ஓட்டுவது கார்பன் டை ஆக்சைடுதான் என்று நிறுவினார். கிணற்றில் முங்கி, யார் அதிக நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்று போட்டி போடும் பையன்கள் இதை அறியாமல் பயன்படுத்துகிறார்கள். குதிப்பதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு இறங்கிவிடும், மேலே வா என்ற எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கும். அது அடிப்பதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து நீருக்குள்ளேயே நினைவு தப்பலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ரயிலுக்கு வருவோம். அந்தப் பெண் ஒவ்வொரு மூச்சிலும் கார்பன் டை ஆக்சைடை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாயு இரத்தத்தில் கரைந்து அமிலமாக இருக்கும் பொருள். அது குறைந்தால் இரத்தம் காரத்தின் பக்கம் சாயும். சாய்ந்ததும் மூன்று காரியங்கள் நடக்கின்றன.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கார்பன் டை ஆக்சைடு பாதியாகக் குறைந்தால் மூளையின் இரத்த ஓட்டமும் ஏறத்தாழப் பாதிவரை குறையலாம். தலை கிறுகிறுப்பதும், கண் மங்குவதும், சுற்றி நடப்பதெல்லாம் கனவு போலத் தெரிவதும் இதனால்தான். விறகடுப்பை ஊதுகுழலால் விடாமல் ஊதி எழுந்த பாட்டிகளுக்கும், பிறந்தநாளுக்கு ஐம்பது பலூன் ஊதிய மாமாக்களுக்கும் இந்தக் கிறுகிறுப்பு நன்றாகத் தெரியும். அவர்கள் பயப்படுவதில்லை. காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

அதே நேரத்தில் ஹீமோகுளோபின் தன்னிடம் உள்ள ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1904-இல் விளக்கியது இதை. இயற்பியல் மேதை நீல்ஸ் போரின் அப்பா அவர். இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், இறங்க வேண்டிய இடத்தில்தான் சரியாக இறங்காது.

மூன்றாவது, அந்தக் கோணிய கைகள். இரத்தத்தில் ஓடும் அல்புமின் என்ற புரதத்தை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஹைட்ரஜன் அயனிகளும் கால்சியம் அயனிகளும் உட்கார்ந்து வருகின்றன. அமிலம் குறைந்ததும் ஹைட்ரஜன் இறங்கிவிடும், காலியான சீட்டில் வெளியே நின்ற கால்சியம் ஏறிக்கொள்ளும். உடம்பின் மொத்தக் கால்சியம் துளியும் குறையவில்லை. ஆனால் நரம்புச் செல்களின் வாசலில் காவல் நின்றது அந்த வெளியே நின்ற கால்சியம்தான். காவல் குறைந்ததும் நரம்புகள் தொட்டதற்கெல்லாம் துள்ளுகின்றன. முதலில் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பு, பிறகு கைத்தசைகள் தாமாகவே இறுகுவது. 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர் அர்மான் த்ரூஸோவின் பெயர் இந்தக் கைக்கு நிலைத்துவிட்டது. பிரெஞ்சு மருத்துவர்கள் அதைப் 'பிரசவம் பார்ப்பவரின் கை' என்று சொன்னார்கள், விரல்கள் அப்படிக் கூம்பி நிற்பதால். ஊர் ஊராகப் பிரசவம் பார்த்த அந்த அம்மா அந்தக் கையைப் பார்த்ததும் வலிப்பு இல்லை என்று சட்டென்று அறிந்துகொண்டதில் ஆச்சரியமில்லை. வலிப்பு வந்தவர் "என் கை கோணிக்கிச்சு" என்று நம்மிடம் சொல்லிக்கொண்டிருக்கப் பெரும்பாலும் முடியாது.

சரி, காற்று மிஞ்சிப்போயிருக்கும்போது ஏன் போதவில்லை என்று தோன்றுகிறது? ஒரு காரணம் இயந்திரச் சங்கதி. பயந்தவர் மூச்சை முழுதாக வெளியே விடுவதற்குள் அடுத்ததை இழுத்துவிடுகிறார். நெஞ்சு ஏற்கெனவே முக்கால்வாசி உப்பியிருக்கிறது, அதற்கு மேல் இழுத்தால் ஏறாது. ஏறவில்லை என்பதே 'மூச்சு முட்டுது' ஆகிறது. விலா எலும்புக்கு இடையில் உள்ள தசைகள் களைத்து வலிக்கின்றன. நெஞ்சு வலி வந்ததும் இதயம்தான் போய்விட்டது என்று நினைக்கிறார். பயம் கூடுகிறது, மூச்சு இன்னும் வேகமாகிறது. செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி அதே இடம்.

இன்னொரு காரணத்தை நியூயார்க் மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன் 1993-இல் முன்வைத்தார். மூளையில் மூச்சுத்திணறலுக்கென்று ஒரு அபாய மணி இருக்கிறது. பேனிக் அட்டாக் என்னும் இந்தத் திடீர்ப் பீதித் தாக்குதல் வருபவர்களுக்கு அது காரணமில்லாமல் அடித்துவிடுகிறது என்றார். மணி இருப்பது உண்மை. அது எங்கே இருக்கிறது என்பதில்தான் வேடிக்கை. மூளையில் பயத்துக்கு முக்கியமான அமிக்டலா இரண்டு பக்கமும் அழிந்துபோன, பாம்புக்கும் பேய்ப்படத்துக்கும் அசராத ஒரு பெண்ணை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் ஆராய்ந்து வந்தார்கள். அவருக்கும் அதே பாதிப்புள்ள வேறு இருவருக்கும் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு கொடுத்தார்கள். மூவரும் பீதியில் துடித்தார்கள். 2013-இல் வெளியான ஆய்வு இது. அமிக்டலா இல்லாமலேயே அந்த மணி அடிக்கிறது. ஆகவே "எதுக்கு பயப்படுற? தைரியமா இரு" என்று பேனிக் அட்டாக் வந்தவரிடம் சொல்வது, ஜலதோஷம் வந்தவரிடம் தும்மாதே என்று சொல்வதற்குச் சமம்.

நல்லவேளையாக, மூச்சுக்கும் மனசுக்கும் நடுவே எதிர்த் திசையிலும் ஒரு கம்பி ஓடுகிறது. மூச்சின் தாளத்தைப் போடுவது மூளைத்தண்டில் உள்ள ஒரு சின்னக் கொத்துச் செல்கள். பெயர் முன்-பாட்சிங்கர் தொகுதி. ஏதோ பெரிய விஞ்ஞானியின் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் பக்கத்துத் தொகுதிக்கு, ஒரு மாநாட்டு மேஜையில் இருந்த ஜெர்மன் ஒயின் பாட்டிலைப் பார்த்து 'பாட்சிங்கர்' என்று பெயர் வைத்தார்கள், இதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அங்குள்ள சில செல்கள், மூளையை உஷார்ப்படுத்தும் மையத்துக்கு மூச்சின் வேகத்தைத் தகவலாக அனுப்புகின்றன என்று 2017-இல் எலிகளில் கண்டார்கள். இருநூறுக்கும் குறைவான அந்தச் செல்களை அகற்றியதும் எலிகள் சாதுவாகிவிட்டன. மூச்சு மெல்லப் போனால் மனசு அடங்கும் என்று யோகம் பழகியவர்கள் காலம்காலமாகச் சொல்வதற்கு எலியிடமாவது ஒரு நரம்புப் பாதை கிடைத்துவிட்டது.

இப்போது அந்தக் கவரைப் பற்றி. காகிதப் பைக்குள் மூச்சு விட்டால், விட்ட கார்பன் டை ஆக்சைடே திரும்பி வரும், இழந்தது ஈடாகும். கணக்கு சரிதான். ஒரு காலத்தில் மருத்துவர்களே இதைச் சொன்னார்கள். ஆனால் பைக்குள் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். அமெரிக்க அவசர மருத்துவர் மைக்கேல் காலஹம் 1989-இல் மூன்று மரணங்களைப் பதிவு செய்தார். மேல்மூச்சு வாங்குகிறது, பதற்றம்தான் என்று நினைத்துப் பை கொடுக்கப்பட்டவர்களுக்கு உண்மையில் இருந்தது மாரடைப்பு போன்ற நோய், ஆக்சிஜன் பற்றாக்குறை. பை பழக்கத்தை முதலுதவி அமைப்புகள் இப்போது கைவிட்டுவிட்டன. காகிதப் பைக்கே இந்தக் கதி என்றால், முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கவரைச் சொல்லவே வேண்டாம்.

அந்த அம்மா என்ன செய்தார்? முதலில் கூட்டத்தைக் கலைத்தார், அதுவும் சத்தம் போடாமல். "அவங்கவங்க சீட்டுக்குப் போங்கய்யா, பிள்ளை கூச்சப்படுது." பிறகு அவள் கண் மட்டத்துக்குத் தன் கண் வரும்படி எதிரே உட்கார்ந்தார். "கையைப் பிடிச்சுக்கிடவா தாயி?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார். பதறியிருப்பவரைக் கேட்காமல் கட்டிப்பிடித்தால் மூச்சு இன்னும் முட்டும்.

"ஒண்ணுமில்ல" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். கை கோணி நிற்பவளிடம் ஒன்றுமில்லை என்றால் எப்படி நம்புவாள்? "நெறைய மூச்சு வாங்கிட்ட, அதான் கை இப்படி நிக்குது. மூச்சு அடங்கினா கை தானா விரியும்" என்றார். அதற்குள்ளாகவே இரண்டு கேள்வி. சுகர் இருக்கா, இழுப்பு இருக்கா. அவள் இல்லை என்று தலையாட்டினாள். உதடு, நகம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் பார்த்தார்.

அப்புறம், "இழுக்காத. விடு. இருக்கறதை மொதல்ல வெளிய விடு" என்றார். சூடான டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து, மெதுவாக, நீளமாக விட்டுக் காட்டினார். உள்ளே வருவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அது எப்படியும் வரும், மூக்கு வழியாகச் சின்னதாக வந்தால் போதும். எண்ணிப் பார்த்தேன். இழுக்க மூன்று, விட ஆறு. திருமூலர் சொல்லும் கணக்கிலும் இழுக்கும் பூரகத்துக்கு 16 என்றால் விடும் ரேசகத்துக்கு 32, அதாவது இரட்டிப்பு. ஆனால் நடுவில் வரும் 64 கும்பகத்தை இந்த நேரத்தில் யாரிடமும் கேட்காதீர்கள். மூச்சை அடக்கு என்றால் பீதிதான் கூடும். வேகவேகமாக மூச்சு தள்ளும் கபாலபாதியும் அப்போதைக்கு ஆகாது.

கொஞ்சம் அடங்கியதும் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், அம்மா என்ன சமைச்சு வைப்பாங்க. எனக்கு அது வெறும் கவனத் திருப்பல் என்று பட்டது. பிறகுதான் உறைத்தது. பேச்சு என்பதே வெளிமூச்சு. ஒரு வாக்கியம் பேசி முடிக்கும் வரை நாம் விட்டுக்கொண்டே இருக்கிறோம், நடுவில் ஒரு சின்ன இழுப்பு. பேச வைத்தவர் அவளுக்குத் தெரியாமலே மூச்சை நீட்டிக்கொண்டிருந்தார்.

பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கட்டைவிரல் வெளியே வந்தது. விழுப்புரம் வருவதற்குள் கை முழுதாக விரிந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, மேல்மூச்சு வாங்குபவர் எல்லோருக்கும் பதற்றம்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சர்க்கரை நோய் முற்றி இரத்தம் அமிலமானால் உடம்பு ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கும். அது அமிலத்தை வெளியேற்றும் தற்காப்பு, அதை அடக்கச் சொல்வது ஆபத்து. ஆஸ்துமா, நுரையீரலில் இரத்தக் கட்டி, மாரடைப்பு, நிமோனியா எல்லாமே இதே வேஷத்தில் வரலாம். முதல் தடவை வருபவர், நாற்பது வயதைத் தாண்டியவர், கர்ப்பிணி, பிள்ளை பெற்றோ அறுவை சிகிச்சை செய்தோ சில வாரங்களே ஆனவர், உதடு நீலம் பாய்ந்தவர், விசில் சத்தத்தோடு மூச்சு விடுபவர், காய்ச்சல் உள்ளவர், வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவுபவர், நினைவு தப்பியவர் என்றால் யோசிக்காமல் 108. ரயிலில் என்றால் 139. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் மாட்டிப் பாருங்கள், 94-க்குக் கீழ் காட்டினால் அது பதற்றம் அல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 99 காட்டுகிறது என்பதற்காக நிம்மதியாகிவிடவும் வேண்டாம். மாரடைப்பிலும் 99 காட்டும்.

மூச்சே எல்லாவற்றுக்கும் காரணம் என்பதும் மிகை. 1996-இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு டச்சு ஆய்வில், இத்தகைய தாக்குதல் வருபவர்களின் உடம்பில் கருவியைப் பொருத்தி அன்றாட வாழ்க்கையில் அளந்து பார்த்தார்கள். தாக்குதல் வந்த நேரங்களில் பெரும்பாலானவற்றில் கார்பன் டை ஆக்சைடு குறையவே இல்லை. பயம் மூச்சு இல்லாமலும் வரும். எனவே நீள மூச்சைத் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு, அது இல்லாவிட்டால் செத்துவிடுவோம் என்று பழக்கிக்கொள்வது இன்னொரு சிக்கல். கையும் காலும் கோணும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு அது நல்ல மருந்து. தாக்குதல் திரும்பத் திரும்ப வந்தால் வேறு சிகிச்சை வேண்டும், இருக்கிறது. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சு முறையும், தேவைப்பட்டால் மாத்திரையும் பலருக்கு நன்றாகவே பலன் தருகின்றன.

அந்தப் பெண் டீ குடித்துக்கொண்டே சொன்னாள், ஹாஸ்டலில் இதற்கு முன் இரண்டு தடவை வந்திருக்கிறதாம். இரண்டு தடவையும் ஈசிஜி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இதற்கு ஒரு பெயர் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. "இனிமே ரயில்லயே வரமாட்டேன், பஸ்லயே போய்க்கிறேன்" என்றாள்.

"ரயில் என்னடி செஞ்சது உன்னை?" என்றார் அந்த அம்மா. "இன்னைக்கு ரயிலை விடுவ, நாளைக்கு பஸ்ஸை விடுவ, அப்புறம் வாசப்படி தாண்ட மாட்ட. போனை எடு, நம்பர் சொல்றேன்."

அவர் சொன்னது 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது.